அமிர்தம் காட்டு வழியில் கார் ஓட்டிய விவரம்

கோசி ஆற்றங்கரை விடுதி,
உத்தராகண்ட்.

மரியாதைக்குரிய பெரிய மச்சான் குமரவேல் அவர்களுக்கு,

உங்கள் தங்கை வீட்டுக்காரன் ஆதிமூலம் வணக்கத்துடன் எழுதுவது. நானும் உங்கள் தங்கை அமிர்தமும் கை கால் முழுசாக இருக்கிறோம். பாகூரில் நீங்களும், அக்காவும், கரும்பும், கறவை மாடும், உங்கள் முழங்காலும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். போனில் சொன்னால் ஆரம்பத்திலேயே நீங்கள் கத்தத் தொடங்கிவிடுவீர்கள், நான் பேச முடியாது. அதனால்தான் கடிதம். உட்கார்ந்து படிக்கவும்.

இந்தச் சுற்றுலாவில் நம் கையில் ஒரு காரைக் கொடுத்துவிடுவார்கள், வழிகாட்டி ஜீப்பில் முன்னால் போவார், ஆறும் காடும் பார்த்தபடி நாமும் மற்ற வண்டிக்காரர்களும் பின்னால் வரிசையாக ஓட்டிப் போக வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். இருதய ஆபரேஷன் ஆனவள், லைசென்ஸ் இருந்தாலும், டாக்டரே சரி என்றாலும் மலையில் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று நீங்கள் கண்டித்துச் சொன்னதும் எனக்கு நினைவிருக்கிறது. அதற்காகத்தானே நீங்களே பார்த்து அனுப்பிய ஆக்டிங் டிரைவர் கலைவேந்தனைக் கூட்டி வந்தோம்? தங்கமான தம்பி, ஆனால் பாகூர் ஏரிக்கரையைத் தவிர வேறு மேடு பார்க்காதவர். மலை வளைவில் தலை சுற்றி, வாந்தி எடுத்து, ரோட்டோரம் படுத்துக்கொண்டு, இந்த ரோட்டை நேராக்கினால்தான் எழுந்திருப்பேன் என்றார். அவரைக் கீழே போகிற பஸ்ஸில் ஏற்றிவிட்டுத் திரும்பினால், அமிர்தம் டிரைவர் சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். நானோ கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் ரிடையராகும்வரை சைக்கிளைத் தாண்டாதவன். என்ன செய்வது, பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன்.

மலை இறங்கி ஆற்றோரக் காட்டு ரோட்டுக்கு வந்தோம். இரண்டு பக்கமும் சால மரம், வெயிலே தரையில் விழவில்லை. வழிகாட்டி நேகிக்கு இந்தி, எங்களுக்குப் பாகூர்ப் பேச்சு. காரில் வைத்திருந்த வாக்கி டாக்கியில் அவர் விடாமல் “ருக்கோ, ருக்கோ” என்றார். அமிர்தம் வண்டியை ஓட்டிக்கொண்டே கேட்டாள்:

“யாருங்க அந்த ருக்கு? பாவம், இவரு கூப்புடுறது அவ காதுல விழல போலக்குது.”

பின்னால் வருகிற வண்டியில் யாராவது இருப்பார்கள் என்று நானும் சொன்னேன். நேகியின் ஜீப் ஓரமாக நின்றிருந்தது. வழி விடுகிறார் என்று நினைத்து அமிர்தம் தாண்டிவிட்டாள். அவர் கையை ஆட்டினார், மரியாதைக்கு நானும் ஆட்டினேன். வளைவு திரும்பினால் ரோடு அடைத்து யானை, மச்சான்! தாய், கன்று, பின்னால் சித்தியோ அத்தையோ தெரியவில்லை. நில் என்பதற்கு இந்தியில் ருக்கோ என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ரிவர்ஸ் எடு என்றேன். அவளுக்கு ரிவர்ஸ் இன்னும் சரியாக வரவில்லை. இன்ஜினை நிறுத்தினாள். நான் நம்மூர்ச் சாமி மூலநாதரைக் கூப்பிட்டபடி அவளுக்காக மாத்திரையைத் தேடி, தண்ணீர் பாட்டிலைத் திறந்து, கடைசியில் தண்ணீரை நானே குடித்தேன். கன்று வந்து பானெட்டை மோந்து பார்த்தது. அமிர்தம் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஆஸ்பத்திரியில படுத்துனு இருந்தப்ப பயந்தேனே, அது வேற. இந்த பயம் நல்லாக்குதுங்க” என்றாள், மெல்ல.

தாய் யானை ஒரு சத்தம் கொடுத்தது. கன்று திரும்பி ஓடிற்று. மூன்றும் சரிவில் இறங்கி ஆற்றில் நின்றன. தண்ணீர் கல்லில் மோதி வெள்ளையாக ஓடுகிறது. கன்று தாயின் மேலேயே தண்ணீரைப் பீய்ச்சியதைப் பார்த்து உங்கள் தங்கை சத்தம் போட்டுச் சிரித்தாள் மச்சான். ஆபரேஷனுக்குப் பிறகு தெருவாசல் வரை வரவே யோசித்தவள், குடத்தைக்கூடத் தூக்கக்கூடாது என்று நாம் தடுத்து வைத்திருந்த பொம்பளை. அந்தச் சிரிப்பை நான் மறந்தே போயிருந்தேன். நேகி மூச்சிரைக்க ஓடி வந்து நீளமாக ஏதோ சொன்னார். பாராட்டுகிறார் என்று நினைத்து இருவரும் தேங்க் யூ சொன்னோம். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

இருந்தாலும் போதும். நான் முடிவு செய்துவிட்டேன். நாளையே சாவியைக் கொடுத்துவிட்டு ரயில் ஏறுகிறோம். இனி அமிர்தம் ஸ்டியரிங்கைத் தொடமாட்டாள். இது ஆதிமூலத்தின் உறுதிமொழி. நீங்கள் நிம்மதியாகத் தூங்கவும். அக்காவுக்கு என் வணக்கமும், பிள்ளைகளுக்கு எங்கள் இருவர் ஆசியும் உரித்தாகுக.

இப்படிக்கு,
உங்கள் சொல் தட்டாத
ஆதிமூலம்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் நிலைமை மாறிவிட்டது. நேகியின் ஜீப் பழுதாகி நின்றுவிட்டது. மற்ற வண்டிக்காரர்கள் கூடிப் பேசி, யானைக்கு எதிரில் பதறாத அம்மா வண்டிதான் நாளை முன்னால் போக வேண்டும், நாங்கள் பின்னால் வருகிறோம் என்று தீர்மானித்துவிட்டார்கள். நேகிக்கு முன் சீட், எனக்குப் பின் சீட். முடியாது என்று சொல்லத்தான் எழுந்தேன். அமிர்தம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே போய் காரின் முன் கண்ணாடியை நன்றாகத் துடைத்து வைத்துவிட்டு வந்தேன்.