முன் காம்பராவில் வைத்த பிரிட்ஜ்

லிந்துலை,
ஜனவரி 30.

அன்புள்ள மருமகன் ஜூலியனுக்கு,

மாமா யேசுரட்ணம் எழுதுகிறேன். நான், உங்கள் மாமி இராசம்மா, மகள் அனோஜா, உங்கள் ஐந்து மாதக் கைப்பிள்ளை பிரேமினி ஆகிய நால்வரும் மாதாவின் காவலில் சுகம். கொழும்பில் உங்களையும் அந்தத் தாயே பார்த்துக்கொள்வார் என்ற நம்பிக்கையில், சுகம் விசாரிப்பதை இத்தோடு முடித்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். கையில் போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். சுவரோடு சுவர் ஒட்டிய இந்த லயத்தில் போன் பேசினால் நான்கு காம்பராவுக்குக் கேட்கும். அதில் ஒன்றில் அனோஜா இருப்பாள். அவள் காதுக்குப் போகக் கூடாத விஷயம் இது.

நீங்கள் அனுப்பிய பிரிட்ஜ் டிசம்பரில் வந்து இறங்கியது. அனோஜா ஆஸ்பத்திரி வேலைக்குத் திரும்பியதும், தாய்ப்பாலை எடுத்துச் சின்னப் பைகளில் அடைத்து, தேதி எழுதி, பிரீசரில் உறைய வைத்துவிட்டுப் போவாள். அதை நான் இளக்கிப் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும். இதுதான் ஏற்பாடு. மைனஸ் பதினெட்டில் நிற்க வேண்டும் என்று நர்ஸ் முறையில் எனக்குச் சொல்லியும் தந்தாள். முப்பத்தொரு வருஷம் தேயிலை ஃபெக்டரியில் ட்ரையர் சூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு இது ஒரு வேலையா என்று நானும் தலையாட்டினேன்.

மாமி அதைக் குசினியில் வைக்கச் சொன்னாள். மருமகன் அனுப்பிய சாமானை அடுப்புப் புகை படிகிற இடத்தில் வைத்தால் பார்ப்பவர்கள் என்ன சொல்வார்கள்? முன் காம்பராவில், மாதா படத்துக்குக் கீழே வைத்தேன். மேலே லேஸ் வைத்த துணி, அதன் மேல் பிளாஸ்டிக் ரோஜா. வந்தவர்கள் எல்லாரும் முதலில் பிரிட்ஜைப் பார்த்துவிட்டுப் பிறகுதான் பிள்ளையைப் பார்த்தார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

ஜனவரி பிறந்ததும் புல் மேல் பனி வெள்ளையாகப் படிந்தது. வாளித் தண்ணீரில் கை வைக்க முடியவில்லை. அந்தக் குளிரில், பிரீசருக்குள் இருந்த பால் பை மட்டும் இளகிக் கிடந்தது. உள்ளே ஒரு திருகு இருக்கிறது, ஒன்றிலிருந்து ஏழு வரை. ட்ரையரில் எண் கூடினால் சூடு கூடும். அப்படியென்றால் குளிருக்கு எண்ணைக் குறைக்க வேண்டும் என்று, மூன்றில் இருந்ததை ஒன்றுக்குத் திருப்பினேன். மறுநாள் ஐஸ் தட்டில் தண்ணீர் ஆடியது. அனோஜாவின் காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டரை உள்ளே வைத்துப் பார்த்தேன், அது முப்பத்தைந்துக்குக் கீழே இறங்குவதே இல்லை. தலவாக்கலைக்குப் போய் பிரீசருக்கென்றே உள்ள தெர்மாமீட்டரை வாங்கி வந்து, அரை மணிக்கொரு தடவை கதவைத் திறந்து பார்த்துக் கொப்பியில் குறித்தேன். மைனஸ் ஒன்று, பூச்சியம், இரண்டு. பார்க்கப் பார்க்க ஏறியது. "காய்ச்சக்காரன அரை மணிக்கொருக்கா எழுப்பிப் பாத்தா அவன் எப்பங்க தூங்குறது? கதவ சாத்துங்க," என்றாள் மாமி. சாத்தினேன். லேஸ் துணியின் ஓரம் கதவு ரப்பருக்குள் மாட்டிக்கொண்டு, அந்த இடைவெளியால் குளிர் வெளியே போய்க்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்ததும் அவள்தான்.

எட்டுப் பை போயிற்று. ஆஸ்பத்திரியில் கிடைக்கிற கால் மணி ஓய்வில் ஒரு மூலையில் உட்கார்ந்து எடுத்த பால். சாக்கடைக் கானில் ஊற்ற மனம் வராமல் பேரிக்காய் மரத்தடியில் ஊற்றினேன். பிள்ளைக்குக் கடைப் பால்மாவைக் கரைத்துக் கொடுத்தோம். அனோஜாவிடம் மூச்சு விடவில்லை.

கடைசியில் பிரிட்ஜ் திருத்துகிற ரஞ்சித் பாஸைக் கூட்டி வந்தேன். அவர் பிரிட்ஜைத் தொடவில்லை. முன் காம்பராவின் சிமெந்துத் தரையைத் தொட்டுப் பார்த்தார். "ஐயா, மெஷின்ல பிழை இல்ல. சூடு பாக்குற கருவி கீழ்த் தட்டுல இருக்கு. இந்த வீட்டுக் குளிருக்கு கீழ்த் தட்டு தானாவே குளுந்துருது. வேலை முடிஞ்சதுன்னு மெஷின் நின்னுருது. மேல பிரீசர் உருகுது. அடுப்புப் பக்கமா வைங்க," என்று பாதி சிங்களத்திலும் பாதி தமிழிலுமாகச் சொன்னார். எண் கூடினால்தான் குளிர் கூடும் என்பதையும் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார். குளிர்ப்பெட்டி குளிர் காய அடுப்பா என்று மாமியைக் கேட்டேன். அவள் அதற்குள்ளேயே குசினியில் இடத்தைக் கூட்டி வைத்திருந்தாள். திருகைப் பழையபடி மூன்றுக்குத் திருப்பி, அடுப்பிலிருந்து நான்கு அடி தள்ளி வைத்தோம். இன்றைக்கு ஒன்பதாவது நாள், மைனஸ் பதினெட்டிலேயே நிற்கிறது. ஒரு நாளைக்கு இரண்டு தடவைதான் திறக்கிறேன். மூன்றாவது தடவை போனால் மாமி இருமுகிறாள்.

இவ்வளவையும் ஏன் எழுதுகிறேன் என்றால், பொங்கலுக்கு முதல் நாள் நீங்கள் போனில் அனோஜாவிடம், "ஒரு ஆள் வேலைய விட்டாத்தான் இது சரிவரும்," என்று சொன்னது என் காதில் விழுந்தது. பால் கெட்ட கதை வெளியே வந்தால் அவள் வேலை போய்விடும் என்றுதான் மறைத்தேன். இப்போது நானே சொல்லிவிட்டேன். தப்பு பிரிட்ஜிலும் இல்லை, அவளிடமும் இல்லை. என்னிடம்.

அனோஜா கைப்பிள்ளையாக இருந்தபோது மாமி மலையில் கொழுந்து பறித்தாள். பால் நேரத்துக்கு, பிள்ளையை விட்டுப் போகிற தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவுக்கு ஓடி வர வேண்டும். ஒரு நாள் கொழுந்து நிறுக்கத் தாமதமாகிவிட்டது. ஃபெக்டரிக்குப் பக்கத்தில்தான் பிள்ளைக் காம்பரா; பிள்ளை கத்துவது மெஷின் சத்தத்தையும் மீறி எனக்குக் கேட்டது. ட்ரையரை விட்டுப் போனால் தேயிலை கருகிவிடும் என்று நான் அசையவில்லை. நீ போய் என்ன பால் கொடுக்கப் போகிறாய் என்று யாராவது கேட்கலாம். தூக்கியாவது வைத்திருக்கலாம். மாமி மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது பிள்ளை அழுதழுதே தூங்கிவிட்டதாம். அந்தத் தேயிலையை யார் குடித்தார்களோ எனக்குத் தெரியாது. பிள்ளை அழுதது மட்டும் இன்னும் தெரியும். ஆகையால், ஜூலியன், அவளை வேலையை விடச் சொல்லாதீர்கள். பிள்ளையைப் பார்த்துக்கொள்வது பெண்பிள்ளைக்கு மட்டும் எழுதி வைத்த வேலை இல்லை என்று இந்த வயதில் தெரிந்துகொண்டேன்.

கர்த்தர் உங்கள் வேலையையும் போக்குவரத்தையும் ஆசீர்வதிப்பாராக. பஸ்ஸில் மிதிபலகையில் நிற்காதீர்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாமா
யேசுரட்ணம்

பி.கு.: தபாலில் போடச் சொல்லிக் கடிதத்தை மாமியிடம் கொடுத்தேன். அவள் அதை ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்ட அனோஜாவிடம் கொடுத்துவிட்டாள். கவரை நான் ஒட்டியிருக்கவில்லை. அனோஜா வாசலில் நின்றபடியே கடைசி வரி வரைக்கும் வாசித்தாள். "எட்டு இல்ல அப்பா, ஒம்பது பை. எண்ணித்தானே வைக்கிறேன். அன்னைக்கே அவருகிட்ட சொல்லிட்டேன்," என்றாள். வேலையை விடுவது அவள் இல்லையாம், நீங்களாம். நீங்கள் வேலை செய்கிற கடையில் ராஜினாமாக் கடிதமும் கொடுத்தாகிவிட்டதாம். அடுத்த மாதம் இங்கே வந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் போகிறீர்களாம். என்னிடம் சொல்லத்தான் உங்களுக்குப் பயமாம். ஒரு ஆம்பிளை பிள்ளை பார்க்க வேலையை விடுவதா என்று கேட்க வாயைத் திறந்தேன். அவள் கடிதத்தைத் திருப்பி என் கையிலேயே கொடுத்தாள். நான் எழுதியதை நானே ஒரு தடவை வாசித்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். வாருங்கள். வந்து தூக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பாலை இளக்கிக் கொடுக்கிற வேலையை மட்டும் நான் விடுவதாக இல்லை.