பூட்டர் கொடுத்த மாதிரி

வன்னியில் இருந்துகொண்டு, வெள்ளத்தையும் போரையும் கண்டு, அறுபது வயது தாண்டியும் ஒரு மனிசரையும் நம்பாமல் வாழ்ந்து காட்டியவர் ஜெயபுரத்துப் பூட்டர் ஒருவர்தான். அவரைப் பற்றி எழுதட்டுமா என்று போனில் கேட்டேன்.

“எழுதும். ஆனா பேரைப் போடாதையும். பூட்டர் எண்டு போடும். அந்தப் பேரில என்னட்ட அடையாள அட்டை இல்லை. ஆரும் ஒண்டும் செய்யேலாது” என்றார்.

வேலையில் இருந்த காலத்தில் குளத்து மதகை, எங்கள் பேச்சில் துருசை, திறந்து பூட்டுவதுதான் அவருடைய தொழில். தண்ணீர் விடுவதும் மறிப்பதும் அவர் கையில். ஓய்வு பெற்ற அன்று துருசுப் பூட்டின் திறப்பைத் திருப்பிக் கொடுத்தார், பழக்கத்தைக் கொடுக்கவில்லை. சைக்கிளின் முன்சில்லுக்கு ஒரு பூட்டு, பின்சில்லுக்கு ஒரு பூட்டு. கிணற்று வாளிக்குச் சங்கிலி. வேலியோரம் காய்த்த பூசணிக்காய் ஒன்றைச் சங்கிலி சுற்றிப் பூட்டியிருந்ததை நானே கண்டேன். காய் பெருக்கப் பெருக்கச் சங்கிலியைத் தளர்த்திவிடுவாராம். கக்கூசுக்கும் பூட்டு இருந்தது. ஒரு திறப்பு அவருடைய இடுப்பில், மற்றது மனைவியிடம். வந்து போகிறவர்களுக்கு அனுமதி கிடையாது.

இப்படிப்பட்ட மனிசரிடம்தான் நான் மலம் கேட்டுப் போனேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு மருத்துவ ஆய்வில் எனக்குக் கள உதவியாளர் வேலை கிடைத்திருந்தது. குடலில் நெடுநாள் அழற்சி உள்ளவர்களுக்குச் நீரிழிவு என்கிற சீனி வருத்தமும் கொழுப்பும் கூட வருகிறதா, வந்தால் ஏன் என்று பார்க்கிற ஆய்வு. வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்க வேண்டும், இடுப்பை அளக்க வேண்டும். கூட வருகிற தாதி இரத்தம் எடுப்பார். கடைசியாக ஸ்டிக்கர் ஒட்டிய சின்ன டப்பா ஒன்றைக் கையில் கொடுத்து, நாளைக்குக் காலையில் இதற்குள் கொஞ்சம் போட்டு வையுங்கோ என்று சொல்லிவிட்டு முகத்தைப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். ஊர்ச் சனம் சிரித்தது, வெட்கப்பட்டது, ஆனால் தந்தது.

பூட்டர் கதவைச் சங்கிலி நீளத்துக்கு மட்டும் திறந்தார்.

“ஆர் அனுப்பினது?”

“பல்கலைக்கழகத்தில இருந்து வாறம் ஐயா.”

“எங்களை எழுதிக்கொண்டு போன ஆக்களை நான் கனபேரைக் கண்டிட்டன். பேர் எழுதினவை, படம் எடுத்தவை, ஒருத்தரும் திரும்பி வந்து என்ன நடந்தது எண்டு சொல்லேல்லை. நீர் என்ன எழுதப் போறீர்?”

சொன்னேன். இரத்தம் என்றதும் தலையை ஆட்டினார். டப்பாவைக் காட்டியதும் கதவு இன்னும் கொஞ்சம் மூடியது.

“இதை எங்க கொண்டு போறது?”

“யாழ்ப்பாணத்து லேப்புக்கு.”

“அங்க இருந்து?”

“அங்கதான் ஐயா. வேற எங்கையும் போகாது.”

“உதை வைச்சு ஒரு ஆளைப் பற்றி எல்லாம் கண்டுபிடிக்கலாம் எண்டு கேள்விப்பட்டனான். என்ன சாப்பிட்டது, என்ன வருத்தம், எப்ப சாவு எண்டு.”

“சாவு தெரியாது ஐயா.”

“அதைத் தெரியாட்டி பிறகென்ன ஆராய்ச்சி” என்று கதவைச் சாத்தினார்.

பின்பக்கத்தால் மாமி வந்து, நாளைக்கு வாருங்கோ பிள்ளை, நான் கதைச்சு வைக்கிறன் என்றா. மாமி என்றால் பூட்டரின் மனைவி. சிரித்த முகம், நல்ல உடம்பு, பூட்டரின் சந்தேகங்களுக்கு நடுவே ஒரு கவலையும் இல்லாமல் நடமாடுகிற ஒரே ஆள். எப்படிக் கதைத்தாவோ தெரியாது, அடுத்த நாள் இருவரும் இரத்தம் கொடுத்தார்கள். ஊசி புதியதுதானா என்று பூட்டர் மூக்குக்கண்ணாடி போட்டுப் பார்த்தார். டப்பாக்களையும் வாங்கிக்கொண்டார். ஒரு நிபந்தனை மட்டும் வைத்தார். எங்களுடைய வான் வண்டியில் தானும் வருவார், தன் கண்ணால் பார்த்துத்தான் லேப்பில் ஒப்படைப்பார்.

அடுத்த காலை வான் வந்தபோது வெள்ளை வேட்டியும் கையில் ஒரு தகரச் சாப்பாட்டுப் பெட்டியுமாக வாசலில் நின்றார். பெட்டியில் பித்தளைப் பூட்டு. உள்ளே ஐஸ் கட்டிகளும் இரண்டு டப்பாக்களும். எங்களுடைய ஐஸ் பெட்டிக்குள் தன்னுடைய பெட்டியை அப்படியே வைத்து, அதன் மேல் கையையும் வைத்துக்கொண்டு ஏறி இருந்தார். கலியாணப் பெண்ணின் நகைப்பெட்டியைக் கொண்டுபோகிறவர் இருக்கிற மாதிரி இருந்தார்.

பூநகரி தாண்டு முன்னமே வானை நிற்பாட்டச் சொன்னார். இறங்கிப் பற்றைப் பக்கம் போனார். வந்து, “தண்ணி கூடக் குடிச்சிட்டன்” என்றார். கொஞ்சத் தூரம் போக மறுபடியும். சங்குப்பிட்டிப் பாலத்துக்குக் கிட்ட மறைவே இல்லாத வெட்டவெளியில் மறுபடியும். முகம் வேர்த்திருந்தது. தண்ணீர் குடித்தவர் போகிற வேகம் அது இல்லை. எனக்கும் ஒரு சந்தேகம் தட்டியது, ஆனால் அவரிடம் கேள்வி கேட்கிற துணிச்சல் வானில் ஒருவருக்கும் இல்லை.

லேப்பில் ஸ்டிக்கரை வாசித்துக் காட்டச் சொன்னார். டப்பாக்களைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துக் கதவைச் சாத்திய பிறகு அந்தக் கதவையும் ஒருதரம் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வந்தார்.

முடிவுகள் வந்தபோது ஆய்வுக்குப் பொறுப்பான டொக்டர் அம்மா என்னைக் கூப்பிட்டா. கண்டிப்பான மனுசி. குடலில் அழற்சி இருந்தால் மலத்தில் ஒரு புரதம் கூடும். மாமியின் டப்பாவில் அது மிக அதிகம், பூட்டருடையதில் ஒன்றும் இல்லை. ஆனால் மாமியின் இரத்தம் சுத்தமாக இருந்தது. பூட்டருடைய இரத்தத்திலோ சோகையும் இருந்தது, சீனியும் எல்லையைத் தொட்டிருந்தது.

“இரத்தம் ஒராளின்ர கதை சொல்லுது, மற்றது வேற ஆளின்ர கதை சொல்லுது. உங்கட கையில மாறியிருக்கு” என்றா.

“இல்லை டொக்டர். நான் ஒட்டின ஸ்டிக்கர் சரி.”

“அப்ப அந்த ஊரில நீங்கள் எடுத்த மற்ற மாதிரிகளையும் நான் எப்பிடி நம்புறது? நாளைக்குப் போய் அவையளிட்ட இன்னொருக்கா எடுங்கோ. அந்த மனிசிக்கும் விசயத்தைச் சொல்ல வேணும். பிழை உங்களிலதான் எண்டால் இந்த வேலையைப் பற்றி யோசிக்க வேண்டி வரும்.”

அன்று பஸ்ஸில் வீட்டுக்கு வரும்வரைக்கும் ஒவ்வொரு ஸ்டிக்கராக யோசித்தேன். கடைசியில் எனக்கே என் மேல் சந்தேகம் வந்துவிட்டது.

அடுத்த நாள் மாமியைக் கதிரையில் இருத்தி, பயப்படாதேங்கோ, குடலில் புண் மாதிரி ஏதோ இருக்கலாம், பெரியாஸ்பத்திரியில் பார்க்க வேண்டும் என்று சொன்னேன். பூட்டர் தூணோடு சாய்ந்து நின்றார்.

“எனக்கோ? நான் கல்லைத் திண்டாலும் செமிக்குமே பிள்ளை” என்றா மாமி. பிறகு பூட்டரைப் பார்த்து, “பசுவை இளையவளிட்டக் குடுங்கோ. மூத்தவளுக்குப் பால் கறக்கத் தெரியாது” என்றா.

“நீ சும்மா இரு” என்றார் பூட்டர்.

“அலுமாரியில புதுச் சீலை ஒண்டு இருக்கு. அதைத்தான் எனக்குக் கட்டிவிட வேணும்.”

“சும்மா இரு எண்டெல்லே சொல்லுறன்.”

“நீங்கள் தனிய என்னெண்டு சமைச்சுச் சாப்பிடப் போறியள்” என்று சொல்லும்போது மாமியின் குரல் உடைந்தது.

நானும் அழுகிற நிலையில்தான் இருந்தேன். ஸ்டிக்கர் மாறியிருக்கும் என்று டொக்டர் சந்தேகப்படுகிறா மாமி, பிழை என்னில் என்றால் எனக்கு வேலை போகும், எதற்கும் இன்னொருக்கா எடுத்துப் பார்ப்போம் என்றேன்.

பூட்டர் தொண்டையைச் செருமினார்.

“அது என்ர.”

“எது?” என்றா மாமி.

“அது. அந்த டப்பாவில இருந்தது. நான்தான் ரெண்டு ஸ்டிக்கரையும் உரிச்சு மாத்தி ஒட்டினனான்.”

குசினியில் அடுப்பு எரிகிற சத்தம் கேட்டது.

“ஏன் ஐயா?” என்று கேட்டேன்.

“லேப் உண்மை சொல்லுதோ எண்டு பாத்தனான்” என்றார். மாமி அவரையே பார்த்துக்கொண்டிருந்தா. அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, “என்ர பேரில வந்தால் நம்ப வேண்டி வரும்” என்றார்.

பிறகு எல்லாம் வந்தது. இரத்தம் போகிறது. வயிறு முறுக்கினால் ஒரு நிமிடம் தாங்காது. கக்கூசில் வேறு யாராவது இருந்துவிட்டால் என்ற பயத்தில்தான் அந்தப் பூட்டு. மூத்த மகளின் கலியாணத்தில் தாலி ஏறின கையோடு, வீட்டில் கள்ளன் வருவான் என்று சொல்லி ஓடி வந்ததும் அதனால்தான். பூசணிக்காய்க்கு மட்டும் இன்றுவரை விளக்கம் கிடைக்கவில்லை.

“எப்ப தொடக்கம்?” என்று மாமி கேட்டா.

“சண்டை முடிஞ்சு செட்டிகுளத்தில முகாமில இருக்கேக்க. அங்க எல்லாருக்கும் வயித்தால போனது. மற்றவைக்கு நிண்டுது. எனக்கு நிக்கேல்லை.”

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“நீ உன்ர தம்பியைத் தேடிக்கொண்டு திரிஞ்ச நேரம். அதுக்குள்ள இதை எப்பிடிச் சொல்லுறது. பேந்து சொல்லுவம் எண்டு இருந்தனான். அப்பிடியே போச்சுது.”

மாமி எழும்பிக் குசினிக்குள் போனா. கன நேரம் வரவில்லை. வந்தபோது கையில் தேத்தண்ணி இருந்தது. அவருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, “இனி என்னட்ட ஒண்டும் ஒளிக்கக் கூடாது” என்று மட்டும் சொன்னா.

டொக்டர் அம்மா முதலில் கோபப்பட்டா, பிறகு என்னிடம் மன்னிப்புக் கேட்டா, பிறகு தனியே இருந்து சிரித்தா. பூட்டரைக் குடலுக்குள் கமரா விட்டுப் பார்க்கும் சோதனைக்கு அனுப்பினா. அங்கேயும் அவர் அவர்தான். மயக்க மருந்து வேண்டாம் என்றார், நித்திரையாக்கிப்போட்டு என்ன செய்வார்களோ என்று. தாதிகளின் போன் எல்லாம் மேசையில் தன் கண்ணுக்கு முன்னால் இருக்க வேண்டும் என்றார், படத்தை முகநூலில் போட்டுவிடுவார்கள் என்று. சோதனை முடியுமட்டும் விழித்திருந்து திரையைப் பார்த்தார்.

“டொக்டர், உது என்ர குடல்தானோ?”

“வேற ஆற்ற குடல் ஐயா?”

“இல்லை, பழைய படம் ஏதும் ஓடுதோ எண்டு கேட்டனான்” என்றாராம்.

புற்றுநோய் இல்லை. நெடுநாள் அழற்சி. கவனிக்காமல் விட்டிருந்தால் வேறு கதையாகியிருக்கும் என்றார்கள். மருந்துக் குளிசை தொடங்கியது. அழற்சியை அடக்குகிற ஒரு மருந்து கொஞ்ச நாளைக்குச் சீனியைக் கூட்டும், அதனால் சோறு, இனிப்பில் கவனம் என்று டொக்டர் அம்மா விளங்கப்படுத்தினா.

“ஒரு துருசைப் பூட்ட மற்றத் துருசு திறக்குதோ?” என்று கேட்டார் பூட்டர்.

“அதைத்தான் ஐயா ஆராயிறம்” என்றா டொக்டர் அம்மா.

“அப்ப கெதியா ஆராயுங்கோ.”

நான் பிறகும் அடிக்கடி ஜெயபுரம் போனேன், ஆய்வுக்காகப் பாதி, மாமியின் தோசைக்காகப் பாதி. ஒவ்வொரு முறையும் குளிசை மட்டையைக் காட்டி, போன மாதத்து நிறம் இது இல்லையே என்பார். வாசித்துக் காட்டுவேன். அரைமனதோடு விழுங்குவார். கன்னத்தில் சதை வைக்கத் தொடங்கியது. ஆய்வு முடிந்தது, நான் வேறு வேலைக்குக் கிளிநொச்சிக்கு வந்துவிட்டேன்.

வைகாசி மாதம் ஒரு திங்கட்கிழமை, சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டு நின்றபோது போன் அடித்தது. பின்னணியில் பறைச் சத்தமும் சனத்தின் இரைச்சலும்.

“பிள்ளை, நான் வற்றாப்பளையில நிக்கிறன். அம்மன் கோயில் பொங்கலுக்கு வந்தனாங்கள்.”

“எப்பிடிப் போனனீங்கள் ஐயா?”

“பஸ்ஸிலதான். பரந்தனில மாறி ஏறினது. சரியான சனம்.” பிறகு, “இடையில ஒரு இடத்திலயும் இறங்கேல்லை” என்றார்.

சந்தை இரைச்சலில் போனைக் காதோடு அழுத்திப் பிடித்தேன்.

“கேக்குதோ?”

“கேக்குது ஐயா.”

“சரி. மாமி தேடுறா. வைக்கிறன்.”

கையில் கத்தரிக்காயோடு அப்படியே நின்றேன். பிறகு அந்த இலக்கத்துக்கு நானே திருப்பிப் போன் எடுத்தேன். கேட்க ஒன்றும் இருக்கவில்லை. அந்தக் குரலை இன்னும் கொஞ்ச நேரம் கேட்க வேண்டும் போல இருந்தது, அவ்வளவுதான்.