எடைமேடையில் நாலு சட்டை

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் கேரவன் பாயின் தராசில் ஏறாத மனிதர் யாராவது இருந்தால், அவர் இன்னும் பிறக்கவில்லை என்று அர்த்தம்.

சொந்த ஊர் கோட்டக்குப்பம். ஆயுசில் பாதியை வளைகுடாவில், ஒரு அரபி வீட்டு டிரைவராகக் கழித்தவர். அடுத்தவர் குடும்பத்தைக் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஏற்றி இறக்கினார். இங்கே அவர் மனைவி ஆயிஷா அக்கா, ஜன்னல் வழியே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலையை விட்டு வந்த கையோடு பாய் ஒரு பழைய வேனை வாங்கினார். எங்கள் தெருப் பட்டறையில் நிறுத்தி, கட்டில், அடுப்பு, தண்ணீர் டேங்க், கூரைமேல் ஏசி என்று அதை ஒரு கேரவன் வீடாக்கினார்.

"இத்தினி வருஷம் போன்லயே குடும்பம் நடத்தினோம். இனிமே ஊர் ஊரா ஒண்ணா போய்க்கினே இருப்போம், ஆயிஷா" என்றார். அக்கா அம்மியைக் கழுவி வண்டியில் ஏற்றிவிட்டார்.

இரண்டு தடைகள் வந்தன. பாயின் லைசன்ஸ் முடியப் போகிறது. இந்த வயதில் புதுப்பிக்க டாக்டர் சான்று வேண்டும். வண்டிக்கோ எடைமேடைச் சீட்டு வேண்டும், ஆர்.சி. புத்தகத்தில் போட்ட எடையைத் தாண்டக் கூடாது. இதில் எது தவறினாலும் வீடு அசையாது. பட்டறை வாசலிலேயே குடித்தனம் நடத்த வேண்டியதுதான்.

எடை என்ற சொல் காதில் விழுந்ததும் பாய்க்குள் இருந்த விமானப் பயணி விழித்துக்கொண்டார். அட்டைப்பெட்டியைக் கயிறு கட்டி, கொக்கித் தராசில் தூக்கிப் பார்த்து, ஒரு சோப்பை உருவிவிட்டு மறுபடி கட்டிய கை அல்லவா. வண்டிப் படியில் ஒரு தராசை வைத்தார். டீ குடிக்க வருகிறவர் யாராக இருந்தாலும் அதில் ஏறி இறங்கித்தான் உள்ளே போக வேண்டும். மல்லாட்டை விற்கிறவர் வேர்க்கடலைக் கூடையோடு ஏறினார். எங்கள் வார்டு கவுன்சிலரின் தொந்தியைப் பார்த்ததுமே தராசை எடுத்துக்கொண்டு, அவருக்குத் தெருவிலேயே டீ கொடுத்தனுப்பினார். என்னை மட்டும் வாராவாரம் எடை போட்டார்.

"இன்னா தம்பி, ஏறிக்கினே போறீங்க. ராத்திரிக்குப் பரோட்டாவா?"

டாக்டர் சோதித்துவிட்டு இடது கண்ணில் புரை என்றார். பாய் ஒத்துக்கொள்ளவில்லை. பாலைவனத்தில் ஒட்டகம் புள்ளியாகத் தெரியும்போதே பிரேக்கில் கால் வைத்த ஆள் தான் என்றார். டாக்டர் அசரவில்லை. "இங்க எருமை வரும் பாய். பக்கத்துல வந்தப்புறம்தான் குறுக்க வரும். ஆபரேஷன் பண்ணிக்கினு வாங்க, கையெழுத்து போடறேன்."

ஆபரேஷன் முடிந்து, கறுப்புக் கண்ணாடியும் ஆயிஷா அக்கா விடும் சொட்டு மருந்துமாகக் கிடந்தார். ஆறியபின் சான்றும் வந்தது, லைசன்ஸும் வந்தது. எடைமேடைக்குப் புறப்பட்டோம். புளியமர நிழல்கள் முன்கண்ணாடியில் ஏறி ஏறி வழிந்தன.

மேடை வருவதற்குச் சற்று முன் பாய் வண்டியை ஓரங்கட்டினார். ஒன்றன்மேல் ஒன்றாக நாலு சட்டை மாட்டினார். பைகளில் ஸ்பேனர்களைத் திணித்தார். அக்காவுக்கு ஸ்வெட்டரைப் போட்டுவிட்டு, கையில் குக்கரைக் கொடுத்தார். என் மடியில் அம்மி. இந்தக் கோலத்தில் மேடை ஏறினோம். எடை கூடுதல் என்றது மெஷின்.

மேடைக்காரர் எட்டிப் பார்த்தார். "இன்னா பாய், எங்கனா கல்யாணமா?"

"மேல போட்டுக்கினு இருக்கறதும் கையில வச்சிருக்கறதும் கணக்குல வராதுப்பா. ஏர்போர்ட்ல ஒரு நாளும் கேட்டதில்ல."

"இது பிளேன் இல்ல பாய். கீழ மொத்தமா நிறுக்குது. நீங்க விடற பெருமூச்சு வரைக்கும்."

பாய் ஒவ்வொரு சட்டையாகக் கழற்றினார். அக்கா குக்கரைக் கீழே வைத்தார்.

"அம்மிய எறக்கிடுங்க. மிக்ஸி போதும்."

பாய் என் மடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வண்டியைத் திருப்பி நேரே பட்டறையில் நிறுத்தினார். ஊரெல்லாம் கூப்பிட்டுக் காட்டிய கூரை ஏசியைக் கழற்றச் சொன்னார். பெரிய டேங்கை எடுத்துவிட்டுச் சின்னதாக வைக்கச் சொன்னார். இரவெல்லாம் ஏசி இல்லாமல் தூக்கம் வராது என்று புலம்பும் உடம்பு அது. மறுபடி மேடை ஏறியபோது எடை சரியாக இருந்தது; கொஞ்சம் மிச்சமும் இருந்தது. அம்மி அதன் இடத்திலேயே இருந்தது.

புறப்படுகிற அன்று வழியனுப்பப் போனேன். பழக்கதோஷத்தில் என் கால் தராசைத் தேடியது. படியில் அது இல்லை. அக்கா முன்சீட்டில் முந்தானையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அம்மிக்காக மட்டும் டேங்க எடுத்தேன்னு நெனச்சீங்களா தம்பி? கடைசியா தராசுல ஏறினப்ப உங்களுக்குக் காட்டுச்சே, அந்த வெயிட்டுக்கு எடம் வுட்டு வச்சிருக்கேன். எந்த ஊர்லனா வந்து ஏறிக்கலாம்" என்றார் பாய். வண்டி கிளம்பிவிட்டது.

அன்றிலிருந்து இரண்டாவது பரோட்டாவோடு கை கழுவிவிடுகிறேன். எனக்கென்று ஒரு மனிதர் விட்டுவைத்த எடை அது, தாண்டிவிடக் கூடாது.