நேரம் பார்க்காத கிலோமீட்டர்

கோயமுத்தூரிலிருந்து எந்த ஊருக்கு விமானத்தில் எத்தனை கிலோமீட்டர், எத்தனை நிமிடம் என்று பைலட்டுக்கே சந்தேகம் வந்தாலும் எங்கள் கம்பெனிக்குத்தான் போன் போட்டிருக்க வேண்டும். பீளமேட்டில் பம்ப்செட் செய்யும் கம்பெனி அது. அங்கே டெஸ்பாட்ச் செக்‌ஷனில் இருந்த ஒருவரை எல்லோரும் ‘கிலோமீட்டர்’ என்றே கூப்பிட்டோம். இத்தனைக்கும் அவர் விமானத்தில் ஏறியதே கிடையாது.

கேன்டீன் கூரைக்கு மேலே சத்தம் கேட்டால் போதும். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “ஷார்ஜா வண்டிங்க. நாலு மணி நேரம் ஆகுமுங்க” என்பார். மொத்தக் கேன்டீனும் வாய் பிளக்கும். மகளைப் பார்க்க இரண்டு முறை சிங்கப்பூர் பறந்து வந்தவன் நான். என்னை ஒருவரும் ஒன்றும் கேட்டதில்லை. வயிறு எரியுமா, எரியாதா?

ஒருமுறை கம்பெனி செலவில் சென்னைக்கு எனக்கு விமான டிக்கெட் போட மேனேஜர் சம்மதித்தார். கெட்ட நேரம், கிலோமீட்டர் பக்கத்தில் நின்றார்.

“பறக்கறது ஒரு மணி பத்து நிமிஷந்தானுங்க. ஆனா ஏர்போர்ட் போக முக்கா மணி, அங்க உக்கார ரெண்டு மணி, எறங்கி ஊருக்குள்ள போக ஒன்றரை மணி. ரயில்ல ஏழே மணி நேரமுங்க. ஒன்றரை மணி நேரத்துக்காகவா மேல போகோணும்?”

நான் ரயிலில் போனேன். ஸ்டேஷனுக்குப் போகும் நேரத்தை அவர் கணக்கிலேயே சேர்க்கவில்லை என்பது ஈரோடு தாண்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

வீட்டிலும் நிம்மதியில்லை. மகள் சிங்கப்பூரில் விமானம் ஏறிய அன்று, “எப்ப வந்து சேருவா தெரியுமா?” என்று மனைவியிடம் மிடுக்காக ஆரம்பித்தேன்.

“அந்த கிலோமீட்டர் அண்ணங்கிட்டக் கேட்டுப்போட்டேனுங்க. நீங்க செரியாச் சொல்ல மாட்டீங்க” என்றாள்.

கடைசியில் சென்னையில் ஒரு வாடிக்கையாளரின் பம்ப் தகராறைத் தீர்க்க என்னையும் கிலோமீட்டரையும் சேர்த்தே விமானத்தில் அனுப்பினார்கள். ஜன்னல் சீட்டை அவருக்கே கொடுத்தேன். பாசமெல்லாம் இல்லை, பயந்து நடுங்குவதைப் பார்க்கத்தான். சக்கரம் தரையை விட்டதும் என் கைக்கடிகாரத்தில் நேரத்தைக் குறித்துக்கொண்டேன். சென்னைக்கு மேலே மழை. விமானம் சுற்றிச் சுற்றி வந்து இறங்கியபோது ஒரு மணி ஐம்பது நிமிடம். மாட்டினார் கிலோமீட்டர்!

“ஏனுங்க, எவ்வளவு நேரமாச்சு?” என்றேன்.

அவர் திரும்பினார். கண் கலங்கியிருந்தது.

“நேரம் பாக்கலீங்க. பவானிகிட்டக் காவேரி வெள்ளி அரணாக்கொடியாட்டம் கெடந்துச்சுங்க. மேகத்து மேல நம்ம பிளேனோட நெழலு கூடவே ஓடி வந்துச்சு. பாத்தீங்களா?”

நான் பார்க்கவில்லை. சிங்கப்பூர் போனபோதும் எதையும் பார்த்ததில்லை. இட்லி கொடுப்பார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு முன்பு பட்ட பொறாமையெல்லாம் பொறாமையே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

திங்கட்கிழமை கேன்டீனில் கூட்டம் சூழ்ந்துகொண்டது. “சென்னைக்கு எவ்வளவு நேரமாச்சுங்க? நீங்க சொன்ன மாதிரியே போச்சா?”

கிலோமீட்டர் காபி டம்ளரைப் பிடித்தபடி முழித்தார். இத்தனை வருடம் நான் காத்திருந்த நிமிடம் அது.

“ஒரு மணி பத்து நிமிஷம்” என்றேன் நான். “நாந்தான் வாட்ச்ல பாத்தேனுங்க. அண்ணன் சொன்னா ஒரு நிமிஷம் தப்புமா?”