ஒற்றுமை விருந்துக்காரர்

உங்கள் அலுவலகத்தில் ஒற்றுமை விருந்துக்காரர் இருக்கிறாரா? இல்லை என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். இந்த இனம் இல்லாத அலுவலகத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.

ஆண்டுக்கு ஒருநாள் மேசைகளை ஒட்டிப் போட்டு, கோப்புகளை அலமாரிக்குள் திணித்து, "ஆளுக்கு ஒண்ணு சமைச்சுக் கொண்டுவாங்க, ஒரே குடும்பமா உக்காந்து சாப்பிடுவோம்" என்று ஊருக்கெல்லாம் அறிவித்து, யார் எதைச் சமைப்பது என்ற பட்டியலைப் பிடித்துக்கொண்டு மாடிக்கும் கீழுக்குமாக அலைவார். பசிக்குப் பதவி கிடையாது என்பார். சொல்லும்போதே கண் கலங்கும். அவர் என்ன சமைப்பார்? ஒன்றும் சமைக்கமாட்டார். கரண்டியைப் பிடிப்பது புகைப்படத்துக்கு மட்டும்.

அந்தப் பட்டியலைக் கொஞ்சம் படியுங்கள். மேலாளர் வீட்டிலிருந்து கேக். தட்டச்சர் கோழிக்கறி. காவலாளி தண்ணீர் பாட்டில். கழிவறை கழுவும் அக்கா?

"உங்களுக்கு எதுக்குக்கா சிரமம்? காகிதத் தட்டு மட்டும் வாங்கிட்டு வந்துடுங்க, போதும்."

நான்கு ஆண்டுகளாகத் தட்டு. என்ன கரிசனம் பாருங்கள்!

இந்த ஆண்டு அக்கா தட்டுகளோடு ஒரு தூக்குச்சட்டியையும் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டார். விடியுமுன் எழுந்து வதக்கிய கத்தரிக்காய். மூடியைத் திறந்ததும் வாசனை படிக்கட்டு வரை போயிற்று.

"அடடே, அசத்திட்டீங்கக்கா!" என்றார் நம்மவர், இரண்டடி தள்ளி நின்று.

"ஒரு வாய் போட்டுக்குங்க சார்."

"ஆசைதான். டாக்டர் கத்தரிக்காயே கூடாதுன்னுட்டாரு."

"எப்பலேருந்து சார்? போன வாரம் மேனேஜர் கொண்டாந்த கத்தரிக்காயை மூணு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டீங்களே. டப்பாவை நான்தானே கழுவினேன்."

"அது... அது வேற கத்தரிக்காய்க்கா."

வேறு கத்தரிக்காயாம்! எந்தச் செடியய்யா, யார் வீட்டு அடுப்புக்குப் போகிறோம் என்று விசாரித்துவிட்டுக் காய்க்கிறது? அவர் கழுவிய டப்பாவில் சாப்பிடலாம், அவர் துடைத்த மேசையில் சாப்பிடலாம், அவர் சமைத்ததை மட்டும் சாப்பிட்டால் உடம்புக்கு ஆகாதா? இதுதான் ஒரே குடும்பம் என்றால், அந்தக் குடும்பத்தில் அக்கா யார்?

நம்மவரை மட்டும் திட்டிவிட்டு எழுந்துபோக உங்களுக்கு வசதியாக இருக்கும். அவருக்குப் பின்னால் பதினெட்டுப் பேர் நின்றார்கள். ஒருவருக்குத் திடீரென்று வயிறு நிறைந்துவிட்டது, ஒருவருக்குத் தொலைபேசி வந்துவிட்டது, மற்றவர்கள் கோழிக்கறியின் உப்பைப் பற்றி ஆழமாகச் சிந்திக்கத் தொடங்கினார்கள். அந்த வரிசையில் உங்களையும் பார்த்ததாக நினைவு. கையில் கேக் இருந்தது.

அக்கா இன்னும் கரண்டியோடுதான் நிற்கிறார். கத்தரிக்காய் ஆறுவதற்குள் போய்த் தட்டை நீட்டுங்கள்.