ரீடிங் சார்

மூன்றாம் வகுப்பு வாசலில் தலைமையாசிரியை கையைப் பிசைந்துகொண்டு நின்றார். உள்ளே முப்பத்தெட்டுப் பிள்ளைகள் கூரையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள்.

வாசிப்பு நேரத்துக்கென்று இந்த மாதம் வந்த தன்னார்வலர்கள் இரண்டு பேர். ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் கதை சொல்லிக்கொண்டே தூங்கிப்போனார். அடுத்து வந்த அம்மாள், பிள்ளைகள் கேட்ட கேள்விகளில் வெலவெலத்துப்போய், குடையைக்கூட எடுக்காமல் கிளம்பிவிட்டார். இன்றைக்குத் தன் மச்சானை அனுப்புவதாக மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் வாக்குக் கொடுத்திருந்தார். அவரும் வராவிட்டால் வாசிப்பு நேரத்தையே எடுத்துவிடச் சொல்லி மேலிடத்து உத்தரவு.

"மேடம், ரீடிங் எடுக்க வந்திருக்கேன்."

தோளில் பை, கையில் டார்ச் விளக்கு, வியர்த்த முகம். டார்ச் எதற்கு என்று ஒரு கணம் யோசித்தார் தலைமையாசிரியை. சுவரில் நிழல் காட்டிக் கதை சொல்வார்போல.

"அப்பாடா, வாங்க சார். உங்களைத்தான் பார்த்துட்டே இருக்கேன்."

"எந்தப் பக்கம் மேடம்?"

"இதோ, இங்கேதான்."

கழுத்தைப் பிடிக்காத குறையாக உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார்.

"மேடம், நான் வந்து..."

"பயப்படாதீங்க. கடிக்க மாட்டாங்க."

பத்து நிமிடத்தில் சத்தம் இரண்டு மடங்கானது. இடம் போதவில்லை என்று நினைத்து, தலைமையாசிரியை எல்லோரையும் மைதானத்து மரத்தடிக்கு அனுப்பினார். அதைப் பார்த்ததும் நான்காம் வகுப்பு ஜன்னலில் தொத்திக்கொண்டது. அடுத்து வாசலில். அடுத்து மரத்தடியில். அவர்களை ஓட்டி வர நான்காம் வகுப்பு டீச்சரை அனுப்பினார். போன டீச்சர் அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். டீச்சரைக் கூப்பிட ஐந்தாம் வகுப்பு டீச்சர் போனார். அவர் பின்னாலேயே ஐந்தாம் வகுப்பும் போனது.

மணி அடித்தது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

"இன்னிக்கு ஒரு வழி பண்ணிடறேன்" என்று தலைமையாசிரியையே புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினார்.

மரத்தடியில் நாற்காலிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றும் ஒரு வீடாம். ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளைகள் எழுதிய அட்டை. 'வீட்டில் ஆள் இல்லை.' 'மணி வேலை செய்யாது.' 'நாய் நல்லது, தாத்தா கடிப்பார்.' அந்த மனிதர் பூனைநடை நடந்து ஒரு நாற்காலியை நெருங்கினார்.

"எனக்குக் கண்ணு தெரியலைன்னு வெச்சுக்கோங்க. படிச்சுச் சொன்னாத்தான் பிழைப்பேன். உள்ளே போகட்டுமா?"

கடைசி வரிசையில் ஒரு சிறுமி எழுந்தாள். பள்ளி திறந்த நாளிலிருந்து புத்தகத்தைக் கொடுத்தால் குனிந்த தலை நிமிராதவள்.

"நி... நில்லுங்க சார். 'நாய் அவிழ்த்து... விடப்பட்டுள்ளது.'"

மனிதர் மூன்றடி பின்னால் துள்ளி விழுந்தார். மைதானமே சிரித்தது. சிறுமி சிரிக்கவில்லை. யாரும் சொல்லாமலே அடுத்த அட்டையைப் படிக்கப் போய்விட்டாள்.

திட்ட வந்த தலைமையாசிரியையும் அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

மாலையில் வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

"நாளைக்கும் காலையிலேயே வந்துடுங்க சார்."

"நாளைக்கு வேற தெரு மேடம். இந்தப் பக்கம் இனி ரெண்டு மாசம் கழிச்சுதான்."

"ரெண்டு மாசமா? அந்தப் பொண்ணு இன்னிக்குத்தான் சார் வாயத் திறந்திருக்கா."

அவர் திரும்பிப் பார்த்தார். காலி மைதானத்தில் அவள் இன்னும் நாற்காலி நாற்காலியாகப் படித்துக்கொண்டிருந்தாள். அவர் தலையைச் சொறிந்தார்.

"மூணு மணிக்கு வேலை முடிஞ்சிடும். தினமும் அதுக்கப்புறம் வரட்டுமா?"

"தாராளமா வாங்க."

"அப்புறம் மேடம், காலையிலேர்ந்து ஒண்ணு கேக்கணும்னு..."

"எல்லாம் நாளைக்குப் பேசிக்கலாம். நீங்க போய் முதல்ல சாப்பிடுங்க."

அவர் போனதும் தலைமையாசிரியை மேலிடத்துக்கு எழுத உட்கார்ந்தார். 'பிறவி ஆசிரியர் ஒருவர் எங்களுக்குக் கிடைத்திருக்கிறார். இவர் எங்கே பயிற்சி பெற்றாரோ, மற்றவர்களையும் அங்கேயே அனுப்புங்கள்.'

காவலாளி எட்டிப் பார்த்தார்.

"டீச்சர், கரண்ட் ஆபீஸ்லேர்ந்து போன். மீட்டர் பார்க்கக் காலையில நம்ம ஸ்கூலுக்கு வந்த ஆளு இன்னும் திரும்பலையாம்."