1408-க்கு வந்த நோட்டீஸ்

தபால்காரர் நீட்டிய பழுப்பு உறையை வாங்குவதற்கு முன் அப்பாசாமி செருப்பைக் கழற்றினார். அரசாங்க முத்திரை குத்திய எதைக் கண்டாலும் அவர் அப்படித்தான். தபால் தலையைக் கூட பயபக்தியோடுதான் ஒட்டுவார்.

"இன்னா மாமா, எழவுச் சேதியா?" என்று கேட்டுக்கொண்டே வந்தான் எல்லப்பன். அவர் மனைவி சின்னப்பொண்ணுவின் தம்பி. யுத்தத்தில் மூன்று வருஷம் பட்டாள லாரி ஓட்டியவன். அதனால் நாலு இங்கிலீஷ் எழுத்து தெரியும். உறையைக் கிழித்துப் படித்தான்.

"பிரேக் இன்ஸ்பெக்டரு கூப்புடறாரு. வர்ற திங்கக்கெழம காலைல பத்து மணிக்கு மாவலிவரம் கவுருமெண்டு பங்களாவாண்ட 1408 வண்டிய இட்டாரணுமாம்."

"எந்த 1408?" என்றார் அப்பாசாமி.

வில்லங்கமே அங்கேதான் இருந்தது.

அப்பாசாமியிடம் இரண்டு பிக்கப் வண்டிகள் இருந்தன. முன்னால் இருவர் உட்கார இடம், பின்னால் திறந்த தொட்டி. இரண்டுமே யுத்தம் முடிந்ததும் பட்டாளத்தார் கழித்துக்கட்டியவை. முதலில் வாங்கியது மூத்தது, அடுத்து வந்தது இளையது. மூத்ததற்கு முறைப்படி ஆர்.சி. புத்தகமும் பர்மிட்டும் உண்டு. இளையதற்கு எல்லப்பனின் யோசனை மட்டும்தான் உண்டு.

"ரெண்டுக்கும் ஒரே பச்ச பெயிண்ட அடிச்சு ஒரே நம்பர எழுதிட்டா எவன் கண்டுபுடிப்பான்? ஒண்ணு மாவலிவரம் பக்கம் ஓடட்டும், இன்னொண்ணு அச்சரப்பாக்கம் பக்கம் ஓடட்டும். ரெண்டும் சந்திச்சாத்தான மாமா வம்பு?" என்று நாலு வருஷத்துக்கு முன்பு அவன் சொன்னான். அப்படியே ஒன்று கடற்கரையிலிருந்து கருவாடும் சவுக்கு விறகும் ஏற்றியது. மற்றது நெல்லும் வைக்கோலும் ஏற்றியது. நாலு வருஷமாக வண்டிகள் ஓடின. அப்பாசாமியின் தூக்கமும் அன்றைக்கு ஓடியதுதான், திரும்பவில்லை.

போன மாசம் இரண்டும் சந்தித்துவிட்டன. செங்கல்பட்டு ரயில்வே கேட் மூடியிருந்தது. அப்பாசாமி வண்டியோடு நின்றுகொண்டிருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே எல்லப்பன் மற்ற வண்டியில் வந்து நின்றான். கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ஜீப். அதில் காக்கித் தொப்பி போட்ட அதிகாரி. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இந்தப் பக்கம் பார்த்தார். மறுபடியும் துடைத்தார். நல்லவேளையாக ஒரு கூட்ஸ் ரயில் குறுக்கே வந்தது. அது போய் முடிவதற்குள் எல்லப்பன் வண்டியைப் பின்னுக்குத் தள்ளிச் சந்துக்குள் ஓடிவிட்டான்.

"அவருதான்டா! தொடச்சுத் தொடச்சுப் பாத்தாரே! ஜெயிலு நிச்சயம்" என்றார் அப்பாசாமி. பர்மிட் போனால் பிழைப்பு போகும், பிழைப்போடு மானமும் போகும். கையில் விலங்கோடு சொந்த ஊரான கருங்குழியின் கடைத்தெருவில் தான் நடப்பது அவர் கண்ணெதிரே தெரிந்தது. கறிகாய்க்காரி பூவாயி உச்சுக்கொட்டுவது கூடக் கேட்டது.

"பேஜாரு பண்ணாத மாமா. திங்கக்கெழமைக்குள்ள ஒண்ண ஒழிச்சுட்டா மீதி ஒண்ணுதான? அச்சரப்பாக்கம் காயலாங்கடைக்காரன் எதுவானாலும் எடுத்துப்பான். எத வெச்சுக்கறது, எதத் தள்ளறது, அத்தச் சொல்லு."

அதைச் சொல்வதுதான் கஷ்டம். மூத்தது சாவியைத் திருப்பினால் கிளம்பிவிடும், ஆனால் மேட்டில் ஏறினால்தான் நிற்கும். இளையது சொன்ன இடத்தில் நிற்கும், ஆனால் பள்ளத்தில் தள்ளினால்தான் கிளம்பும்.

"மூத்ததுதான் இருக்கணும். ஆஸ்பத்திரிக்குப் போற வழில நம்ம கண்ணகி அதுலதான் பொறந்தா" என்றாள் சின்னப்பொண்ணு.

"அது நிக்காமப் போனதாலதான் வழில பொறந்தா. ஆஸ்பத்திரியத் தாண்டி ரெண்டு மைலு போயிட்டோமே, மறந்துட்டியா அக்கா?" என்றான் எல்லப்பன்.

கடைசியில் புத்தகம் இருப்பது மூத்ததற்குத்தான், ஆகவே மூத்ததே இருக்கட்டும் என்று அப்பாசாமி தீர்மானித்தார். இருந்தாலும் மனசு கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் செங்கல்பட்டிலிருந்து மெக்கானிக் ஏசுதாஸை வரவழைத்து, புத்தகத்தில் உள்ள நம்பர்களெல்லாம் வண்டியில் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார்.

ஏசுதாஸ் வண்டிக்கு அடியில் புகுந்தார், வெளியே வந்தார், அடுத்த வண்டிக்கு அடியில் புகுந்தார். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"சேஸி நம்பரு மூத்ததுல கீது. இன்ஜின் நம்பரு இளையதுல கீது."

"அது எப்பிடி?"

"மூணு வருஷம் முன்னாடி ரெண்டையும் ஒரே நாள்ல பிரிச்சு மாட்டினேனே, அப்ப மாறிப்போச்சு போல. இப்ப நீ எத வெச்சுக்கினாலும் பாதி வண்டிதான் அண்ணாத்த உன்னுது."

அப்பாசாமி அப்படியே தரையில் உட்கார்ந்தார். ஒரு வண்டி திருட்டு வண்டி என்றுதான் இதுவரை பயந்துகொண்டிருந்தார். இப்போது இரண்டுமே ஆளுக்குப் பாதி திருட்டு என்று ஆயிற்று.

"மாத்திட்டாப் போச்சு!" என்றான் எல்லப்பன்.

சாயங்காலத்துக்குள் இன்ஜின்களை மாற்றினார்கள். ஏசுதாஸ் கையைத் துடைத்துக்கொண்டு மூத்ததில் ஏறிச் சாவியைத் திருப்பினார். முனகல் கூட இல்லை. பள்ளத்தில் தள்ளினார்கள், கிளம்பியது. பிரேக்கை மிதித்தார், நிற்கவில்லை. புளியமரத்தைச் சுற்றி, வரப்பைத் தாண்டி, வைக்கோல் போரில் முட்டிக்கொண்டு நின்றது. சந்தேகத்தோடு இளையதில் ஏறிச் சாவியைத் திருப்பினார். புத்தம் புது வண்டி போல உறுமியது. பிரேக்கைத் தொட்டதும் நின்றது.

அப்பாசாமிக்கு அழுகையே வந்துவிட்டது. புத்தகம் இருக்கிற வண்டி கிளம்பாது, கிளம்பினால் நிற்காது. எல்லாம் நன்றாயிருக்கிற வண்டிக்குப் புத்தகம் கிடையாது.

"பிரேக்கயும் மாத்திடேன் நைனா" என்று ஏசுதாஸிடம் கெஞ்சினார்.

"அது ரெண்டு நாளு வேல. நாளைக்குப் பத்து மணிக்கு ஆவாது. கவலப்படாத அண்ணாத்த, இன்ஸ்பெக்டரு பொதுவா நின்ன வண்டியத்தான் பாப்பாரு" என்று ஆறுதல் சொல்லிவிட்டு ஏசுதாஸ் கிளம்பிவிட்டார். வண்டியை எப்படி நிற்க வைப்பது என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

இளையதை வைக்கோல் போருக்குப் பின்னால் ஒளித்தார்கள். அதன் நம்பர் பலகை மேல் எல்லப்பன் சேற்றை அள்ளி அப்பினான்.

திங்கட்கிழமை விடிந்தது. சின்னப்பொண்ணு மூத்ததைக் கழுவி, நம்பர் பலகைக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டினாள். ஏரிக்கரைச் சரிவில் எல்லோருமாகச் சேர்ந்து தள்ளினார்கள். அப்பாசாமி நாஸ்தா பண்ணவில்லை. வயிற்றுக்குள் பயத்துக்கே இடம் பற்றவில்லை.

அந்தப் பயணத்தை அவர் சாகும்வரை மறக்கமாட்டார். செங்கல்பட்டு ரயில்வே கேட் தூரத்தில் தெரிந்ததும் குலதெய்வத்துக்கு மொட்டை நேர்ந்துகொண்டார், கேட் திறந்திருந்தது. திருக்கழுக்குன்றத்தில் தெரிந்தவர்கள் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்கள். அவரும் கையைக் காட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார். "டப்பு வந்ததும் மனுசனுக்குக் கண்ணு தெரியல பாத்தியா" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. அதற்கெல்லாம் வருத்தப்பட அவருக்கு நேரமில்லை.

மாவலிவரம் பங்களா வாசலில் மரத்தடியில் நாற்காலி போட்டு இன்ஸ்பெக்டர் பாஷ்யம் உட்கார்ந்திருந்தார். அதே கண்ணாடி. வண்டி வருவதைக் கண்டு எழுந்து நின்றார். அப்பாசாமி பிரேக்கை மிதித்தார், இரண்டு காலாலும் மிதித்தார், கடைசியில் வேறு வழியில்லாமல் இன்ஸ்பெக்டருக்கு ஒரு கும்பிடு போட்டுக்கொண்டே அவரைக் கடந்து போனார். பாதை முடிந்தது. மணல் வந்தது. முன் சக்கரங்கள் மணலில் புதைந்து வண்டி நின்றபோது, கடல் இருபதடி தூரத்தில் இருந்தது.

இறங்கினார். இன்ஸ்பெக்டர் நிதானமாக நடந்து வந்து, வண்டியின் பின்பக்கம் நின்று நம்பர் பலகையைப் பார்த்தார். ஆள்காட்டி விரலை நீட்டி எண்ணுவதுபோல அசைத்தார்.

"1408. ஒண்ணு" என்றார். முகம் மலர்ந்தது. "பேஷ்! பேஷ்! இதுதானே உன் வண்டி?"

"ஆமா சாமி."

"ரொம்ப நன்னாருக்கு. புத்தகத்தைக் குடு, முத்திரை போட்டுத் தரேன்."

மணலில் மூக்கைப் புதைத்துக் கிடக்கும் வண்டியை ஒருவர் இப்படிக் கொண்டாடி அப்பாசாமி பார்த்ததில்லை. இது ஏதோ பொறி என்று நினைத்தார். "பிரேக்கு... இன்ஜின் நம்பரு..." என்று இழுத்தார்.

"அதெல்லாம் கிடக்கட்டும்ப்பா! பாத்தவரைக்கும் பரம திருப்தி."

புத்தகம் கை மாறுகிற அந்தக் கணத்தில், பின்னால் ஒரு ஹாரன் சத்தம் கேட்டது. அப்பாசாமி திரும்பினார். பச்சை நிறத்தில், சந்தனம் குங்குமம் துலங்க, இன்னொரு 1408 வந்து மூத்ததற்குப் பக்கத்தில் கன கச்சிதமாக நின்றது. கயிற்றுச் சுருளோடு எல்லப்பன் குதித்தான்.

"அக்காதான் அனுப்பிச்சா மாமா! நீ கடலுக்குள்ள போயிடுவன்னு ஒரே அழுவ. வண்டிய வேற கழுவி, பொட்டு வெச்சு..." என்றவன் இன்ஸ்பெக்டரைப் பார்த்தான். கயிறு கையிலிருந்து நழுவியது.

இன்ஸ்பெக்டரின் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே உறைந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டினார். மறுபடியும் துடைத்தார். எல்லப்பன் மெல்ல அப்பாசாமியின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினான்.

"இங்கே வா" என்றார் இன்ஸ்பெக்டர், ரகசியம் பேசுகிற குரலில். "உண்மையைச் சொல்லு. இங்க எத்தனை வண்டி நிக்கறது?"

உண்மையைச் சொல்லிக் காலில் விழுந்துவிடத்தான் அப்பாசாமி வாயைத் திறந்தார். பயம் முந்திக்கொண்டது.

"ஒண்ணுதான் சாமி!"

"நன்னாப் பாத்துச் சொல்லு."

"ஒண்ணே ஒண்ணுதான் சாமி! என் புள்ள மேல ஆணையா!"

இன்ஸ்பெக்டருக்கு வேர்த்துக் கொட்டியது. "சரி... உன் வண்டியைத் தொட்டுக் காட்டு."

ஒரு வாரமாகத் தீர்மானிக்க முடியாமல் தவித்ததை ஒரு நொடியில் தீர்மானிக்க வேண்டியிருந்தது. புத்தகமா, பிரேக்கா? கருங்குழியிலிருந்து வந்த வழி முழுக்க அவர் கண்முன் ஓடியது. சத்தியமாக இன்னொரு முறை முடியாது. கை தானாகப் போய் இளையதின் மேல் விழுந்தது.

இன்ஸ்பெக்டர் தயங்கித் தயங்கி அருகில் வந்து, அதே இடத்தைத் தானும் தொட்டுப் பார்த்தார். தலையை ஆட்டினார். புத்தகத்தை வாங்கிக்கொண்டு பங்களாவை நோக்கி நடந்தார். மூத்ததிடம் வந்ததும், எதற்கும் இருக்கட்டும் என்பதுபோல் அதை ஒரு பெரிய வட்டமாகச் சுற்றிக்கொண்டு போனார்.

"போலீஸக் கூப்புடத்தான் போறாரு" என்றார் அப்பாசாமி. "நீ அத்த எடுத்துக்கினு ஓடு மச்சான். நான் ஒருத்தனே உள்ள போறேன்."

எல்லப்பன் இளையதோடு மறைந்தான். அப்பாசாமி மணலில் உட்கார்ந்தார். சின்னப்பொண்ணுவை நினைத்தார், கண்ணகியை நினைத்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

காலடிச் சத்தம் கேட்டது. போலீஸ் இல்லை. அதுவரை உள்ளே சமையலைக் கவனித்துக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டரின் பியூன் ஆபிரகாம். புத்தகத்தை நீட்டினான். முத்திரை குத்திக் கையெழுத்தும் போட்டிருந்தது. கையெழுத்து மட்டும் கொஞ்சம் நடுங்கியிருந்தது.

அப்பாசாமி முத்திரையை விரலால் தடவிப் பார்த்தார். "அவ்வளவுதானா? ஐயா... ஐயா இன்னா சொன்னாரு?"

ஆபிரகாம் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அவர் காதோரம் குனிந்தான்.

"யாராண்டயும் சொல்லிடாத அண்ணாத்த, போன மாசம் ரயில்வே கேட்டாண்ட உன் வண்டி ஐயாவுக்கு ரெண்டாத் தெரிஞ்சிச்சாம், வேல பூடுமோன்னு பயந்து அன்னிலேர்ந்து கண்ணுக்கு மருந்து ஊத்திகினு கீறாரு, இப்பவாவது ஒண்ணாத் தெரியுதான்னு பாக்கத்தான் உன்ன வரச் சொன்னாரு!"